ஊதக்காற்றும் ஊசிவால் வாத்தும்

போகி, வெள்ளோடு

குமரிக்கடல் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நிற்கிறது என்று செய்தியில் சொன்ன உடனேயே அக்கா போன் பண்ணிவிட்டாள். "வர்றதுன்னா வா. குருவி பார்க்கறேன்னு நனைஞ்சுட்டு வந்து இங்க காய்ச்சல்ல படுத்துக்காத." ஈரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. வானம் முழுக்கச் சாம்பல். மார்கழி கடைசியில் இங்கே பனி கொட்டுவதுதான் வழக்கம், மழை கிடையாது. சோளத்தட்டு அறுத்துப் போட்டவர்களுக்கும் மஞ்சள் வெட்ட ஆள் சொல்லி வைத்தவர்களுக்கும் இந்த நேரத்து மழை வயிற்றெரிச்சல். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் வழி நெடுக அதைத்தான் போனில் புலம்பிக்கொண்டு வந்தார்.

மச்சான் பைக்கோடு நின்றிருந்தார். அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டால் வீட்டில் படுத்துத் தூங்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. என்னால் அது வருஷா வருஷம் கெடுகிறது.

சென்னிமலை ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் வெள்ளோடு. ஊர்க்காரர்களுக்கு அது பெரியகுளம். 1996-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 77 ஹெக்டேர்தான், பெரிய பரப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீருக்குள்ளேயே கருவேலமரங்கள் நிற்பதால் கூடு கட்டும் பறவைகளுக்கு நல்ல இடம்.

நாங்கள் போன நேரம் தூறல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கூழைக்கடாக்கள் மர உச்சியில் உட்கார்ந்திருந்தன. அத்தனை பெரிய பறவை அத்தனை மெல்லிய கிளையில் இந்தக் காற்றில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்கே அரை மணி நேரம் போனது. கிளை மேலும் கீழும் ஆடுகிறது, உடம்பும் கூடவே போய் வருகிறது, தலை மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. எல்லா அலகும் கிழக்கே பார்த்திருந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டினால் இறகுக்கு அடியில் காற்று புகுந்து கலைத்துவிடும், குளிரும் ஏறும். எதிர்த்து உட்கார்ந்தால் இறகுகள் படிந்து கிடக்கும்.

மஞ்சள்மூக்கு நாரை ஒன்று கூட்டின் மேல் இறக்கையைப் பாதி விரித்தபடி நின்றிருந்தது. அடியில் குஞ்சு இருந்திருக்க வேண்டும். வெயிலுக்கு இப்படி நிழல் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், மழைக்குப் பிடிப்பதை இன்றுதான் பார்த்தேன். மச்சான் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா ஒருநாள் எனக்கு இப்படிக் குடை பிடிச்சிருப்பாளா?" என்றார்.

நீர்க்காகங்கள் இறக்கையை விரிக்காமல் குறுகி உட்கார்ந்திருந்தன. வெயில் இருந்தால்தானே காயவைக்க. பாம்புத்தாரா இரண்டு. அவ்வளவுதான் எழுத முடிந்தது, லென்ஸில் ஆவி படிந்துவிட்டது.

வழியில் சென்னிமலையில் ஒரு கடை திறந்திருந்தது. கைத்தறிப் போர்வை ஒன்று வாங்கினேன். ஊருக்குக் கொண்டுபோக என்று வாங்கியது, பைக்கிலேயே சுற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. வீடு சேர்ந்தபோது அக்கா காப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கேட்டில், மாட்டுக் கொட்டகையில், அப்புறம் ஈரம் சொட்டும் பைக்கிலும் ஒன்று. இரவு அரிசிம்பருப்பு சாதம். ஊத்துக்குளிப் பக்கத்து வெண்ணெயை வீட்டிலேயே உருக்கிய நெய் மேலே. இந்தக் குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

தைப்பொங்கல், வீட்டு மாடி

இன்று எங்கும் போக முடியாது, போனால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் கணக்கு உண்டு. 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்கப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். எங்கே இருக்கிறோமோ அங்கேயே குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலாக ஏற்ற வேண்டும். மொட்டை மாடி போதும்.

பொங்கல் பானை பொங்கி முடிந்ததும் குடையோடு மேலே போனேன். கரண்ட் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக, நனைந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு. கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவிகள், கொய்யாமரத்தில் ஒரு பழுப்புக் கீச்சான். பக்கத்துச் சோளக்காட்டின் மேல் சோளக்குருவிக் கூட்டம் ஒன்று எழுந்து விழுந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வெட்டுக்கிளியும் தானியமும் தேடி வரும் கூட்டம் இது. மழையில் சாய்ந்த கதிர் அவற்றுக்கு வசதி. காட்டுக்காரருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மச்சானின் அப்பா கீழே திண்ணையில் இருந்தபடியே தகர டப்பாவைத் தட்டினார். மழை சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

மாட்டுப்பொங்கல், நஞ்சராயன் குளம்

பட்டிப்பொங்கல் சாயங்காலம்தான். அதற்குள் வந்துவிடுவோம் என்று சத்தியம் செய்துவிட்டு வெள்ளெனவே கிளம்பினோம்.

மச்சான் இந்த முறை தயாராக வந்திருந்தார். கம்பெனியில் டீசர்ட் மடித்துப் போடும் பாலிபேக் ஒரு கட்டு, பனியன் வேஸ்ட் துணி ஒரு பை. பாலிபேக்கின் மூலையைக் கத்தரித்து பைனாகுலரின் வாயில் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டினால் மழை உள்ளே போகாது. பனியன் வேஸ்ட் ஈரத்தை உறிஞ்சுவதில் மன்னன். பட்ஜெட் போட்டு வாங்கிய லென்ஸ் துணி பத்து நிமிஷத்தில் ஊறிப்போய்விட்டது, கடைசிவரை தாக்குப்பிடித்தது பனியன் வேஸ்ட்தான். மழையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு என்னுடைய ஒரே சிபாரிசு இது. திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் கூலிபாளையம் நால்ரோட்டுப் பக்கம் இருக்கிறது நஞ்சராயன் குளம். கிட்டத்தட்ட 126 ஹெக்டேர். நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிற்கும் இடம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் சீர்செய்த நஞ்சராயன் என்ற சிற்றரசரின் பெயர் என்று சொல்வார்கள். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியோடு சேர்ந்து ராம்சர் தளமும் ஆனது. கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நல்லாற்றில் வருவது மழைத்தண்ணீர் மட்டுமில்லை, ஊரின் கழிவுநீரும்தான். சேற்றில் புழுவும் பூச்சியும் மண்டிக் கிடப்பதால் வாத்துக்கும் உள்ளானுக்கும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. இது சந்தோஷப்படக்கூடிய விஷயமா என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பைனாகுலர் பிடிக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

குளத்தங்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. வழக்கமாக நான் நிற்கும் இடம் மேற்குப் பக்கம், பழக்கம் விடவில்லை. அங்கே நின்று பார்த்தால் ஆகாயத்தாமரை மொத்தமும் காற்றில் தள்ளப்பட்டு எங்கள் காலடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதற்கு அப்பால் அலை. குளத்தில் இவ்வளவு பெரிய அலை வரும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆகாயத்தாமரை மேல் தாழைக்கோழி நான்கைந்து, ஒரு குருட்டுக்கொக்கு. வாத்து ஒன்றுகூட இல்லை. மீசை ஆலாக்கள் மட்டும் காற்றை எதிர்த்துப் பறந்து பறந்து இருந்த இடத்திலேயே நின்றன. "இதுக்கா பொழுது விடியறதுக்குள்ள எழுப்பின?" என்று மச்சான் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் இருந்தது.

அப்போதுதான் ஒரு பெரியவர் ஐந்தாறு வெள்ளாடுகளோடு வந்தார். உரச்சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, இந்தத் தூத்தல்ல என்ன பண்றீங்க?"

"வாத்து பார்க்க வந்தோமுங்க."

"இங்க நின்னா என்னத்தத் தெரியும்? காத்து கெழக்க இருந்துல்ல அடிக்குது. அல்லாம் அக்கட்டால கெழகோரம் ஒதுங்கியிருக்கும் போங்க. இந்த ஆட்டுக்கே தெரியுது, மறைவாப் பார்த்து நிக்குது பாருங்க."

பார்த்தேன். ஆடுகள் உண்மையிலேயே ஒரு வேலங்கன்றுப் புதருக்கு மேற்கே ஒட்டி நின்றிருந்தன.

இந்தப் பக்கத்துக் காற்றின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடியில் மேற்கேயிருந்து அந்த வழியாக உள்ளே வரும் காற்று, மார்கழி தையில் கிழக்கேயிருந்து வந்து அதே வழியாகக் கேரளாவுக்குள் இறங்குகிறது. தெற்கே கடலில் ஒரு தாழ்வும் நின்றுவிட்டால் அதன் வேகம் இன்னும் கூடும். வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்த நான் மழை எப்போது விடும் என்பதைத்தான் பார்த்தேன். குளத்தில் பறவை எங்கே இருக்கும் என்பதைச் சொல்வது காற்றின் திசை. எத்தனை மணிக்கு மழை என்று பார்ப்பதைவிட அதுதான் உபயோகம்.

சுற்றிக்கொண்டு போய்க் கிழக்கோரம் சேர அரை மணி நேரம் ஆனது. பாதை முழுக்கச் சேறு. கரை மேட்டுக்கு இந்தப் பக்கம் பைக்கை நிறுத்தி, குனிந்து ஏறி, தலையை மட்டும் நீட்டினோம்.

அங்கே தண்ணீர் அசையவே இல்லை. கரையும் மரங்களும் காற்றை மேலே தூக்கிவிட, கீழே ஒரு அமைதியான பட்டை. அதில் நெருக்கியடித்துக்கொண்டு வாத்துகள். அறுபது எழுபது அடி தூரம்தான் இருக்கும். வழக்கமாகக் குளத்து நடுவில் கரும்புள்ளிகளாகத் தெரியும் கூட்டம் இது. ஊசிவால் வாத்துகள்தான் பெரும்பான்மை. ஆணின் பழுப்புத் தலையில் கழுத்திலிருந்து மேலே ஏறும் வெள்ளைக் கோடு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நடுநடுவே நீலச்சிறகிகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்தோடு. அகன்ற அலகைத் தண்ணீரில் வைத்தபடியே வட்டமடிக்கும் தட்டைவாயன்கள். ஓரத்தில் நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்துகள், விருந்தாளிகளுக்கு இடம் விட்டு.

டிரைபாடின் காலை முழுசாக விரிக்காமல் தரையோடு வைத்து, பையை அதன் நடுக்கம்பியில் தொங்கவிட்டேன். இல்லாவிட்டால் அதன் மேலிருக்கும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், நடுங்கும். சேற்றில் உட்கார்ந்துகொண்டோம், இனி நனைவதற்கு என்ன இருக்கிறது.

முக்கால்வாசி வாத்து தூங்கிக்கொண்டிருந்தன. அலகை முதுகு இறகுக்குள் சொருகி, மிதந்தபடியே. வாத்துகளால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்க முடியும், மூளையின் ஒரு பாதி மட்டும் விழித்திருக்கும். படித்தது உண்டு. ஸ்கோப்பில் ஒரு ஊசிவாலின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியது, திறந்தது, மூடியது, நீண்ட நேரம் திறந்தே இருந்தது. வெயில் நாளில் இத்தனை பொறுமை எனக்கு வராது. அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று பட்டியலை நீட்டிக்கொண்டே ஓடுவேன். மழை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுகிறது, வேறு வழியில்லை. சைபீரியாவிலோ கசகஸ்தானிலோ முட்டையிலிருந்து வெளியே வந்த ஒரு பறவை கூலிபாளையத்தில் கண்ணைச் சிமிட்டுவதை மணிக்கணக்கில் பார்ப்பது எனக்கு ஐம்பது இனம் சேர்ப்பதைவிடப் பெரிதாகத்தான் பட்டது.

எண்ணத் தொடங்கினேன். பத்துப் பத்தாக ஸ்கோப்பை நகர்த்தி எண்ணும்போது பாதியில் மழை வலுத்துத் திரை போட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து. அந்தச் சிக்கலை ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தீர்த்துவைத்தது. மேற்கேயிருந்து தண்ணீரை ஒட்டி, இறக்கையை மேலே வி வடிவில் தூக்கியபடி, காற்றை எதிர்த்து மிக மெதுவாக வந்தது. அதன் நிழல்கூட விழாத நாள், ஆனாலும் எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

வாத்துகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், தூக்குவிசை அப்போதுதான் கிடைக்கும். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. இதை யோசித்து முடிப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எங்களை நோக்கி எழுந்து தலைக்கு மேல் போனது. இறக்கைகளின் சீற்றம், தெறிக்கும் தண்ணீர், ஊசிவாலின் வெள்ளை வயிறு. மச்சான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். மேலே போன கூட்டம் காற்றில் சாய்ந்து திரும்பி, குளத்துக்கு மேல் ஒரு சுற்று வந்தது. அப்போது எண்ணினோம். ஊசிவால் 200-க்கு மேல், நீலச்சிறகி அதில் பாதி. பருந்துக்கு ஒன்றும் சிக்கவில்லை. இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டு வடக்கே போனது. கால்மணி நேரத்துக்குள் கூட்டம் பழைய இடத்திலேயே வந்து இறங்கிவிட்டது.

"மாப்ள, இன்னொருக்கா வருமா அது?" என்று கேட்டார் மச்சான். எழுந்து போகலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகு அவரிடமிருந்து வரவில்லை.

கரைக்குக் கீழே புல்வெளியில் சின்னஞ்சிறு நடமாட்டங்கள். பொரி உள்ளான், கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, மஞ்சள் வாலாட்டி. கொசு உள்ளான் ஐம்பது கிராம்கூட வராது, இந்தக் காற்றில் ஒற்றைக் காலில் நிற்கிறது. நான் இரண்டு காலில் நிற்கத் தடுமாறினேன். தகைவிலான்கள் புல் நுனி தொடும் உயரத்தில் பறந்தன. காற்றில் அடித்துவரப்பட்ட பூச்சியெல்லாம் மறைவான இந்தப் பக்கத்தில்தான் வந்து சேர்கிறது, அவையும் அங்கேயே.

பதினொரு மணி வாக்கில் மழை கொட்டியது. பாதி கட்டிய ஒரு கொட்டகைக்கு ஓடினோம். நேற்றைய சர்க்கரைப்பொங்கல் கெட்டியாகி இருந்தது, கூடக் கச்சாயம். டீக்கடை இல்லை, எல்லாரும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே கொட்டகையின் பின்பக்கம் திரும்பினால், இருபது இருபத்தைந்து மீட்டரில், மேய்ச்சல் புல்லில், வரித்தலை வாத்து மூன்று. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், மஞ்சள் கால். ஆடு மேய்வதைவிட நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. மங்கோலியா, திபெத் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருபவை. 7000 மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். குறைந்த ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ரத்தம் அவற்றுக்கு. அந்தக் குளிரைத் தாண்டி வந்தவற்றுக்குத் திருப்பூர்த் தூறல் எம்மாத்திரம். கச்சாயம் கையில் இருந்தபடியே இருந்தது. போட்டோ எடுக்கவில்லை. கேமரா பாலிபேக்குக்குள் கட்டிக் கிடந்தது, அவிழ்த்தால் சத்தம் வரும்.

பட்டிப்பொங்கலுக்கு நேரத்துக்கு வந்துவிட்டோம். அக்கா எங்கள் பேண்ட்டைப் பார்த்துவிட்டு, மாடு கழுவின தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள்.

பூப்பறிக்கிற நோன்பு, சூலூர்

ராத்திரியே காற்று விழுந்துவிட்டது. காலையில் பளிச்சென்று வெயில். ஊருக்குத் திரும்ப வேண்டும், வழியில் சூலூர்க் குளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பல்லடம் வழியாகப் போனோம். ரோட்டோரக் காற்றாலைகள் இன்னும் கிழக்கே முகத்தை வைத்தபடி, ஆனால் சுற்றாமல் நின்றன. அவற்றுக்குச் சம்பாத்தியம் தென்மேற்குப் பருவத்தில்தான். கூடையோடு பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கக் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள், கும்மிப் பாட்டு ரோடு வரை கேட்டது.

சூலூர்க் குளம் நொய்யல் தண்ணீரில் நிறைவது. கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள், பலூன் விற்கிறவர், செல்பி. பறவைகள் எல்லாம் நட்டநடுவில். நேற்று கைக்கெட்டும் தூரத்தில் கண் சிமிட்டிய அதே ஊசிவால்கள் இங்கே கானல் அலையில் நெளியும் புள்ளிகள். நல்ல வெயில் நாளில் பறவை நன்றாகத் தெரியும் என்பதை இனிமேல் நான் நம்பப்போவதில்லை. கூழைக்கடா, சாம்பல் நாரை, நாமக்கோழிகள் என்று எழுதிக்கொண்டு வேகமாக முடித்தேன்.

கிளம்பும்போது கோரைப்புல் ஓரத்துச் சேற்றில் மச்சான்தான் அதைக் கண்டுபிடித்தார். நீண்ட நேரான அலகு, முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள், அசையாமல் பதுங்கியிருந்தது. உள்ளான்தான். ஊசிவால் உள்ளானா, விசிறிவால் உள்ளானா என்பதுதான் கேள்வி. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்ற வெள்ளை தெரிந்தால் விசிறிவால். வாலை விரித்து ஓர இறகுகள் ஊசியாகத் தெரிந்தால் மற்றது. உட்கார்ந்திருப்பதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

"கல்லெடுத்துப் போட்டா பறக்கும்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஈபேர்டில் இனம் தெரியாத உள்ளான் என்று போட வசதி இருக்கிறது, அதைப் போட்டேன். அவருக்குத் திருப்தியில்லை. சூலூர் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, அது தானாக எழும்வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிடுவதாகச் சொன்னார். பைனாகுலரை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன், மிச்சமிருந்த பனியன் வேஸ்ட்டையும் சேர்த்து.